தூக்கியது அதில் இல்லை

ஐப்பசி மழை மூன்று நாளாக விடவில்லை. திருவனந்தபுரத்தின் சாலைக் கம்போளச் சந்தையில் ஓடைகள் நிரம்பி, அழுகிய கோசு இலையும் வெங்காயத் தோலுமாகத் தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் போனது. நாசிக்கிலிருந்து வந்த வெங்காய லாரியைக் காலையில் இறக்கத் தொடங்கி, பாதி காலியானபோது மழை மறுபடி வலுத்தது. சுமட்டுக்காரர்கள் ஆறு பேரும் கிட்டங்கி இறவாரத்தில் ஒதுங்கினார்கள்.

தளவாய் சும்மாட்டுத் துண்டைப் பிழிந்து கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வயது ஐம்பத்திரண்டு. வள்ளியூருக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து, கல்யாணமான புதிதில் திருவனந்தபுரத்துக்கு வந்தவர். ஒரு காலத்தில் இரண்டு சாக்கைச் சேர்த்துத் தலையில் ஏற்றிக்கொண்டு மச்சுப்படி ஏறுவார். இப்போது ஒரு சாக்குக்கே முழங்கால் முனகுகிறது.

கட்டன்சாயாவும் ரசவடையும் வந்தன. கூட்டத்தில் இளையவனான நாகேஸ்வரன் போனை வேட்டியில் துடைத்து நீட்டினான்.

"அண்ணாச்சி, இது கண்டியளா? நாடு முழுக்க ஓடுது."

ஐந்து தலைகள் கூடின. தளவாயும் எட்டிப் பார்த்தார். எடை தூக்கும் மேடை. இறுகிய சிவப்பு உடுப்பில் ஒரு பெண் இரும்பைப் பிடிக்கக் குனிகிறாள். பின்னாலிருந்து எடுத்த படம். தலையும் தோளும் படத்துக்குள்ளேயே இல்லை. குனிவதை மெதுவாக ஓடவிட்டு, கிட்டத்தில் கொண்டுவந்து, ஒரு குத்துப்பாட்டின் மேளத்தையும் சேர்த்திருந்தார்கள். மேலே மலையாளத்தில் ஒரு வரி: 'வெயிட் ஆரு நோக்குன்னு?' எடையை யார் பார்க்கிறார்கள் என்று கேள்வி. பதினான்கு விநாடி. சிரித்தார்கள். தளவாயும் சிரித்தார்.

எடை தூக்குகிற பெண் என்றதும் அவருக்குத் தன் மகள் நினைவு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அஜிதா வீட்டில் சுரிதாரோடு கஞ்சி குடிக்கிற பிள்ளை, மெடலைக் கொண்டுவந்து சாமி படத்தில் மாட்டுகிற பிள்ளை. இவள் போனில் வருகிறவள். போனில் வருகிறவளுக்கு அப்பன் என்று ஒருவன் இருப்பது தளவாய்க்குத் தோன்றியதே இல்லை.

"ஒண்ணுகூடப் போடுடே" என்றார்.

நாகேஸ்வரன் இன்னொரு தரம் போட்டான். இரண்டாவது முறைதான் இடது கெண்டைக்காலைப் பார்த்தார். வெற்றிலை அளவில், ஓரம் சுருங்கிய ஒரு வடு. நாலு வயதில் கஞ்சித் தண்ணி கொட்டிய இடம். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு ஓடியது அவர்தான். பதினேழு நாள் மருந்து தடவியதும் அவர்தான்.

சாயாக் கிளாஸைத் திண்டில் வைத்தார். மழை விட்டது. மீதிச் சாக்குகளை இறக்கினார்கள். எத்தனை நடை நடந்தார் என்று அவருக்குத் தெரியாது.

வலியசாலையில் அக்ரகாரத் தெருக்களுக்குப் பின்னால், கிள்ளியாற்றை ஒட்டி அவர்கள் வீடு. இரண்டு அறையும் ஒரு சாய்ப்பும். மழைக்காலத்தில் ஆறு வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். தளவாய் வந்தபோது பூமாரி சாய்ப்பில் உட்கார்ந்து சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வழுதக்காட்டில் ஒரு ஜிம்மில் தூத்துத் துடைக்கிற வேலை. மதியத்தோடு முடிந்துவிடும்.

"நாளையிலேருந்து அவ போவண்டாம்" என்றார்.

"எங்க?"

"வெயிட்டு தூக்க."

பூமாரி தலையை நிமிர்த்தவில்லை. செதிலைச் சுரண்டுகிற கை மட்டும் நின்றது.

"பாத்துட்டியளா?"

"ஒனக்குத் தெரியுமா?"

"மூணு வாரமாச்சு. ஜிம்முல பெரிய டிவி கெடக்கில்லா, அதுல போட்டு ஒருத்தன் இன்னொருத்தனுக்குக் காட்டிட்டு நின்னான். நான் தரை தொடச்சிட்டிருந்தேன். குனிஞ்ச உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"வடுவப் பாத்தா?"

"வடு எதுக்கு? பெத்தவளுக்குப் பிள்ள நிக்கிற நிலை தெரியாதா?"

தளவாய் ஈரச் சட்டையைக் கழற்றாமல் நின்றார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா இப்ப சொன்னதத்தான சொல்லுவிய." மீனைச் சட்டியில் போட்டாள். "அந்த ஜிம்மு சொவத்துல படம் படமா ஒட்டியிருக்கான். ஆம்பள படத்துல எல்லாவனும் பல்லக் கடிச்சிட்டு இரும்பத் தூக்குதான். பொம்பள படத்துல ஒருத்தியும் தூக்கல. துண்டத் தோள்ல போட்டுக்கிட்டுத் தண்ணி குடிக்கா, இல்லேன்னா இடுப்பத் திருப்பிக்கிட்டு சிரிக்கா. ஒரு சொட்டு வேர்வை கெடையாது. தெனமும் அந்தப் படத்தயெல்லாம் தொடைக்கறது நான்தான். நம்ம பிள்ள நெசமாவே தூக்குனா. அவளையும் இப்படிப் பிடிச்சு ஒட்டிட்டானுவ."

அஜிதா ஐந்து மணிக்கு வந்தாள். வயது இருபது. போன மாதம் மாநிலப் போட்டியில் அறுபத்துமூன்று கிலோப் பிரிவில் தங்கம் வாங்கியவள். பையை வைத்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். கேட்கத் தேவையிருக்கவில்லை.

"எங்க பாத்தீங்க அப்பா?"

"சுமட்டு ஸ்டாண்டுல. ஒருத்தன் காட்டுனான்."

"பாத்திட்டு நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

அவள் தலையசைத்தாள். தரையில் உட்கார்ந்து காலை நீட்டி, கைவிரல்களில் சுற்றியிருந்த பிளாஸ்திரியை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"சுப்ரியா சேச்சி சைபர் போலீஸ்ல பராதி குடுத்தாச்சு" என்றாள். சுப்ரியா அவளுடைய கோச். "ஒரு நம்பர் தந்திருக்காங்க. பொது இடத்துல எடுத்தது, பாஸ் வாங்கி எடுத்ததுன்னு அதப் போட்ட யூடியூப் சானல்காரன் சொல்றானாம்."

"காலு மூடுற மாதிரி எதும் போடப்பிடாதா மக்ளே?"

"போடலாம். சட்டத்துல எடம் இருக்கு. கொல்லத்துல முழுக்கால் போட்டுத்தான் தூக்கினேன். அதையும் பின்னால நின்னுதான் எடுத்தாங்க. துணியில இல்லப்பா காரியம். கேமரா எங்க நிக்குதுங்கறதுலதான்."

பூமாரி கஞ்சியும் பயறும் கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை.

"அது பதினாலு செகண்ட்" என்றாள் அஜிதா. "அதுக்குப் பெறகு நூத்திநாலு கிலோவைத் தலைக்கு மேல தூக்கி நிறுத்தினேன். ஸ்டேட் ரெக்கார்டு. அதுக்கு முன்னால வெட்டிட்டாங்க. தூக்கினது அதுல இல்ல."

தளவாய்க்கு அவளை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. மகள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். தன்னால் அப்பா தலைகுனிந்து நிற்கிறார் என்று நினைத்தாள்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் அவர் அந்தச் சானலின் ஆபீஸைத் தேடிப் போனார். ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறை. சுஜின் என்கிற பையன்தான் எல்லாம் பார்க்கிறவன். பாறசாலைக்காரன், தமிழ் நன்றாகப் பேசினான். அடிக்க வேண்டிவந்தால் அடிப்பது என்றுதான் தளவாய் படியேறினார். அவன் எழுந்து நாற்காலி போட்டு, சாயா வரவழைத்தான்.

"அங்கிள், நாங்க பெண்கள் ஸ்போர்ட்ஸுக்கு சப்போர்ட்டாக்கும். முழு லிஃப்டும் போட்டிருக்கோம். தா, நோக்குங்க." கம்ப்யூட்டரைத் திருப்பினான். "இதப் பாத்தது தொள்ளாயிரம் பேரு. மத்தத பதினெட்டு லட்சம். நான் என்ன செய்ய? ஆளுக எதப் பாக்குதோ அதத்தான போட முடியும். நான் ஒருத்தரையும் நிர்பந்திக்கலியே."

வழியெல்லாம் வசவைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார் தளவாய். பதினெட்டு லட்சத்தில் இரண்டு முறை தன்னுடையது என்பது அவருக்குத் தெரியும்.

"அத எடுத்துரு தம்பி" என்றார். குரல் கெஞ்சலாகத்தான் வந்தது.

சுஜின் கொஞ்சம் யோசித்தான்.

"எடுத்துரலாம் அங்கிள். பக்ஷே ஒரு காரியம். உங்க வீட்ல வந்து ஒரு நல்ல ஸ்டோரி செய்யலாம். அப்பா சுமட்டுத் தொழிலாளி, மகள் வெயிட்லிஃப்டர். குடும்பம், கஷ்டப்பாடு, எல்லாம். மரியாதையா செய்யலாம். அது வந்துச்சுன்னா இது தானே மறஞ்சுபோவும்."

வீட்டில் சொன்னபோது அஜிதா வேண்டாம் என்றாள். "அவங்க பழசை நீக்க மாட்டாங்கப்பா" என்று இரண்டு தரம் சொன்னாள். தளவாய், "எனக்காவ மக்ளே" என்றார். பிறந்ததிலிருந்து அவளிடம் அவர் அப்படி ஒன்று கேட்டதில்லை. அவள் சம்மதித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு நாலு பேர் வந்தார்கள். தளவாய்க்கு அன்று விடுமுறை. ஆனாலும் நீலச் சட்டையும் சும்மாடுமாக வரச் சொன்னார்கள். பக்கத்துக் கடையிலிருந்து ஓர் அரிசிச் சாக்கைக் கொண்டுவந்து, சந்தில் அதைச் சுமந்துகொண்டு மூன்று முறை நடக்க வைத்தார்கள். அஜிதாவைப் புடவை கட்டி, பூ வைத்து, தோசை சுடச் சொன்னார்கள். அவளுக்குத் தோசை வட்டமாக வரவில்லை. அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று சிரித்து எடுத்துக்கொண்டார்கள். கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு சிரிக்கச் சொன்னார்கள்.

"கல்யாணம் கழிஞ்சா பர்த்தாவு பேடிக்குமோ?" என்று கேட்டான் சுஜின். புருஷன் பயப்படுவானா என்று.

அஜிதா அதற்குப் பதில் சொல்லாமல், ஒரே இழுப்பில் தூக்குகிற ஸ்னாட்சில் எண்பத்துநாலு, தோளில் நிறுத்தித் தூக்குகிற ஜெர்க்கில் நூற்றுநாலு, அடுத்த மாதம் தேசியப் போட்டிக்கான தேர்வில் இரண்டிலும் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று சொல்லத் தொடங்கினாள். முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது.

"மோளே, நம்பர் வேண்டா" என்றான் சுஜின். "நம்பர் கேட்டா ஆளுக தள்ளிவிட்டுட்டுப் போயிரும். அம்மயக் குறிச்சு பறயு."

அம்மாவைப் பற்றிச் சொன்னால் போதுமாம். பூமாரியிடம் அந்தக் கஞ்சித் தண்ணி கொட்டிய கதையைக் கேட்டு வாங்கி, அவள் அழுவதை எடுத்தார்கள். அதற்குப் பிறகு வடுவையும் எடுத்தார்கள்.

இரண்டு நாளில் அது வந்தது. முகப்புப் படத்தின் ஒரு பாதியில் பூமாரி அழுதாள். மறுபாதியில் அதே குனிந்த படம், வடுவின் மேல் ஒரு சிவப்பு வட்டம். 'ஆ வைரல் பெண்குட்டி இதாணு' என்று தலைப்பு. அந்தப் பெண் இவள்தான் என்று. அதுவரை தலையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த படத்துக்கு முகமும் பேரும் தெருவும் கிடைத்துவிட்டன. பழைய பதினான்கு விநாடி நீக்கப்படவில்லை. நீக்கியிருந்தாலும் பிரயோஜனம் இல்லை. அதற்குள் எத்தனையோ பேர் அதை எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள். தளவாய் போன் செய்தபோது சுஜின் எடுக்கவில்லை.

சந்தின் முனையில் பைக்குகள் நிற்கத் தொடங்கின. அஜிதா காலையில் ஆறரை மணிக்குப் பயிற்சிக்குப் போகும்போது ஒருவன் அந்தக் குத்துப்பாட்டைப் போடுவான். அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். ஆனால் நடை மாறிவிட்டது. பையை எப்போதும் பின்னால் தொங்கவிட்டு, இடுப்பை மறைத்துக்கொண்டு நடந்தாள். பூமாரி ஒருநாள் ஈர்க்குமாறோடு சந்து முனைவரை போய்விட்டாள். அதையும் ஒருவன் எடுத்துப் போட்டான்.

ஸ்டாண்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள், அரிசி மூட்டைகளை அட்டி போட்டுக்கொண்டிருக்கும்போது நாகேஸ்வரன் பக்கத்தில் வந்தான். கண்கள் கலங்கியிருந்தன.

"அண்ணாச்சி, சத்தியமா எனக்கறியாது. அறிஞ்சிருந்தா அதத் தொட்டிருப்பனா?"

"செரிடே. போட்டும்."

"நீங்களும் அறியாமத்தான சொன்னிய." குரலைத் தாழ்த்தினான். "நீங்க ஒண்ணுகூடப் போடுன்னு சொன்னத நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. ஒருகாலமும் சொல்ல மாட்டேன்."

நல்ல மனதோடுதான் சொன்னான். தளவாய்க்கு அது நெஞ்சில் மூட்டை விழுந்தது மாதிரி இருந்தது. அன்றிலிருந்து நாகேஸ்வரன் அவருக்குச் சாயா வாங்கித் தந்தான், பாரமான சாக்கைத் தான் எடுத்துக்கொண்டான். இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ களவு செய்து மறைத்தவர்கள் மாதிரி ஆகிவிட்டது.

தேர்வு ஆலப்புழையில். சுப்ரியா மற்றப் பிள்ளைகளோடு முந்தின நாளே போயிருந்தாள். பஸ்ஸில் அஜிதாவைத் தனியாக அனுப்பப் பூமாரிக்கு மனமில்லை. தளவாய் கூடப் போனார். ஏழு வருஷத்தில் மகள் தூக்குவதைப் பார்க்க அவர் போவது அதுதான் முதல் தடவை. போட்டி நடக்கிற நாளெல்லாம் அவருக்கு லோடு இருக்கும்.

மண்டபத்தில் பின் வரிசையில் உட்கார்ந்தார். அஜிதா முழுக்கால் உடுப்புதான் போட்டிருந்தாள். பேரைக் கூப்பிட்டதும் பத்து இருபது பேர் எழுந்து மேடைக்குப் பின்பக்கமாகப் போய்ப் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். சுப்ரியா அதிகாரி ஒருவரிடம் போய்ச் சொன்னாள். பார்வையாளர்கள் படம் எடுக்கத் தடை இல்லை என்று அவர் கையை விரித்தார்.

முதலில் ஸ்னாட்ச், எண்பது கிலோ. அவள் பயிற்சியில் விளையாட்டாகத் தூக்குகிற எடை. இரும்புக்கு முன்னால் வந்து நின்றாள். குனிவதற்கு முன்னால் ஒருமுறை திரும்பிப் பின்னால் பார்த்தாள். குனிந்தாள். தூக்கியது தோளைத் தாண்டி முன்னால் விழுந்தது. இரண்டாவது முறையும் திரும்பிப் பார்த்தாள். விழுந்தது. மூன்றாவது முறை, இரும்பைப் பிடித்த பிறகு, ஒரு கையை எடுத்து உடுப்பைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. அவசரமாகத் தூக்கியபோது கை மடங்கியது. மூன்றும் போனால் போட்டியே போய்விடும் என்பதைப் பக்கத்தில் இருந்தவர் சொல்லித்தான் தளவாய் தெரிந்துகொண்டார்.

சுப்ரியா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அஜிதா அழவில்லை.

ஆலப்புழை பஸ் ஸ்டாண்டில் மழை கொட்டியது. தகரக் கூரையில் பேச்சே கேட்காது போல இரைச்சல். ஒரு தூணுக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். தளவாய் இரண்டு அவித்த முட்டை வாங்கிக்கொண்டுவந்தார். அவள் வேண்டாம் என்றாள்.

"நான் அந்தச் சானலுக்குப் போயிருக்கப்பிடாது" என்றார்.

"சாரமில்லப்பா, விடுங்க. நீங்க எனக்காவத்தான போனீங்க."

"இல்ல மக்ளே." முட்டைப் பொதி கையில் சுட்டது. "நான் எனக்காவத்தான் போனேன். அன்னைக்கு ஸ்டாண்டுல பாத்தப்ப ஒண்ணும் சொல்லலன்னு ஒங்கிட்டச் சொன்னேன். அது பொய். எல்லாரும் சிரிச்சானுவ, நானும் சிரிச்சேன். ஒண்ணுகூடப் போடுன்னு கேட்டேன். ரெண்டாவது வாட்டிதான் வடுவப் பாத்தேன்."

அவள் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டதா இல்லையா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது. பிறகு, திரும்பாமலே கேட்டாள்.

"அந்த வடு இல்லேன்னா?"

தளவாய் முட்டைப் பொதியைத் தூணடியில் வைத்தார்.

திருவனந்தபுரம் பஸ் வந்தது. அவள் ஏறி முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள். அவர் பின்னால் நின்றுகொண்டே வந்தார். கொல்லத்தில் இடம் கிடைத்தும் உட்காரவில்லை.

அடுத்த வாரம் அஜிதா பெட்டியைக் கட்டினாள். கண்ணூருக்குப் பக்கம் சுப்ரியாவுக்குத் தெரிந்த ஒரு பயிற்சி மையம், தங்க ஹாஸ்டலும் உண்டு. போகும்போது, "அப்பா, நான் எறங்குதேன்" என்று அவர் ஊர்ப் பேச்சில் சொல்லிவிட்டுத்தான் போனாள். பகை மாதிரி எதுவும் இல்லை. வாரம் இரண்டு தரம் அம்மாவுக்குப் போன் செய்வாள். அப்பா சாப்பிட்டாரா என்று கேட்பாள். போனை அவரிடம் கொடுக்கச் சொல்ல மாட்டாள்.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். தளவாய் வேலை முடிந்து வந்து சாய்ப்பில் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். பூமாரி போனோடு வந்தாள்.

"கோச்சு அனுப்பியிருக்கா. முன்னால நின்னு எடுத்தது. பிள்ள மொகம் நல்லாத் தெரியுது. பாருங்க."

அவர் கண் போனை நோக்கிப் பாதி போய், சட்டென்று ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டது.

"பாருங்கன்னேன்."

"நீ பாரு."

"நம்ம பிள்ளயப் பாக்க என்ன?"

"நீ பாத்துச் சொல்லு. எத்தன கிலோ?"

பூமாரி அவரைப் பார்த்தாள். அவர் ஸ்டாண்டில் சிரித்தது அவளுக்குத் தெரியாது, மகள் சொல்லியிருக்கவில்லை. படியில் உட்கார்ந்து போனை மடியில் வைத்து அழுத்தினாள். பாட்டு எதுவும் வரவில்லை. யாரோ ஒரு பெண் தூரத்தில் மலையாளத்தில் சத்தம் போட்டாள். பிறகு ஒரு மூச்சு, இரும்பு குலுங்குகிற ஒலி.

"நூத்தியாறு" என்றாள் பூமாரி. "குனியுதா. இந்தா, தோளுக்கு வந்துட்டு. காலு ஆடுது. நிக்கா."

தளவாய் எண்ணெய்க் கையோடு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"தூக்கிட்டா" என்றாள் பூமாரி.